கைவினைப் பக்கத்தில் செய்முறையை முழுசாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கைவினைப் பக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கையால் செய்த வாழ்த்து அட்டை ஒன்றின் படத்தைப் பெரிசாகப் போட்டிருந்தீர்கள். அழகான அட்டை. பின்னணியில் நீர்வண்ணம், அதன் மேல் தங்க நிறத்தில் மேடாக எழும்பி நிற்கும் பூ, ஓரத்தில் ஒரு துணித் துண்டு. கீழே செய்முறை என்று நாலு வரி: பிடித்த ஸ்டாம்ப்பால் அச்சிட்டு, எம்பாஸிங் பவுடர் (சூட்டில் உருகி மேடாக நிற்கும் பொடி) தூவி, சூடு காட்டி, அலங்கரிக்க வேண்டுமாம். அவ்வளவுதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் இதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதால், அந்த நாலு வரியை நம்பி ஒரு பிள்ளை உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எந்த மை என்று சொல்லவில்லை, எந்தக் காகிதம் என்று சொல்லவில்லை, சூட்டை எதில் காட்டுவது, எப்போது நிறுத்துவது, எதுவுமே இல்லை. பிள்ளை வீட்டில் கிடக்கிற ஊதா ஸ்டாம்ப் பேடில் தொட்டு அச்சிடும். பொடி சரியாக ஒட்டாது. தலைமுடி காயவைக்கிற டிரையரை எடுத்துக் காட்டும், ஒட்டியிருந்த கொஞ்சப் பொடியும் பறந்துபோகும். நமக்கு இதெல்லாம் வராது என்று எடுத்து மூடி வைத்துவிடும். சத்தியமாக எல்லோருக்கும் வருகிற வேலைதான் இது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால்தான் வராமல் போகிறது.

பொங்கல் வரப்போகிறது, அதனால் இப்போதே எழுதுகிறேன். சிவகாசியில் அச்சாகி வந்த பொங்கல் வாழ்த்து அட்டைகள் ஒரு காலத்தில் மார்கழி பிறந்ததுமே கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கும். கரும்பு, பானை, காளை, நடிகர்கள் என்று தேர்ந்தெடுத்து, யாருக்கு எது என்று பின்பக்கம் பென்சிலில் குறித்துவைத்து, மொத்தமாகத் தபால் பெட்டியில் போட்டவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். கைப்பேசி வந்த பிறகு அது அடங்கிவிட்டது. அதை நினைத்துப் புலம்புவதற்காக இதை எழுதவில்லை. கடையில் வாங்கி அனுப்பிய அட்டைக்குப் பதிலாக இன்று ஒரு குறுஞ்செய்தி போகிறதென்றால் பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, இரண்டுமே இன்னொருவர் செய்ததுதான். ஆனால் கையால் செய்த அட்டைக்கு இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது, முன்னைவிட அதிகமாகவே இருக்கிறது. லண்டனில் 1843-ல் ஹென்றி கோல் என்பவர் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு போட்ட கிறிஸ்துமஸ் அட்டையைத்தான் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்பார்கள். அதிலேயே கோடுகளை மட்டும் அச்சடித்துவிட்டு வண்ணத்தைக் கையால்தான் தீட்டினார்கள். அச்சு பாதி, கை பாதி. நாம் ஸ்டாம்ப் குத்தி வண்ணம் தீட்டுவதும் அதே வேலைதான்.

சரி, காகிதத்திலிருந்து வருகிறேன், ஏனென்றால் முக்கால்வாசி அட்டைகள் கெடுவது அங்கேதான். ஜெராக்ஸ் காகிதம் 70 அல்லது 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் காகிதம் அத்தனை கிராம் எடை. அட்டைக்கு அது பத்தாது, தண்ணீர் பட்டதும் சுருளும், சூடு பட்டதும் வளையும். பள்ளிக்கூடத்துச் சார்ட் பேப்பரும் மெல்லிசுதான். 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரை உள்ள தடித்த காகிதம் வேண்டும், அச்சகங்களில் கேட்டால் வெட்டி மிஞ்சிய துண்டுகளே கிடைக்கும், ரொம்பக் குறைந்த விலைக்குத் தருவார்கள், சில இடங்களில் சும்மாவே தருவார்கள். அட்டையின் முகப்பில் ஒட்டுகிற, நீர்வண்ணம் பூசுகிற மேல்தாளுக்கு மட்டும் ஓவியக் கடையில் 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணக் காகிதம் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும், ஒரே தாளில் பல அட்டைக்கு வெட்டலாம். புதுச்சேரியில் 1959-லிருந்து நடக்கிற ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்சாலையின் தாள்கள் கிடைத்தால் இன்னும் நல்லது, பருத்திக் கந்தலிலிருந்து செய்வதால் பழுக்காது, ஓரத்தை வெட்டாமல் அப்படியே விட்டாலே ஒரு அழகு இருக்கும். ஆனால் மேல்பரப்பு ரொம்பச் சொரசொரப்பான தாளில் நுணுக்கமான ஸ்டாம்ப் விழாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பூ இதழின் நரம்பெல்லாம் அங்கங்கே விட்டுப்போகும்.

மடிப்பதிலும் விஷயம் இருக்கிறது. காகிதத்துக்குள் நார் ஒரே திசையில் ஓடும். தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் கோடு போகிற திசைதான் நார் ஓடுகிற திசை. மடிப்பு அந்தத் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்கே மடித்தால் தடித்த தாள் மடிப்பில் வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். மடிப்பதற்கு முன்னால், மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலோடு சேர்த்து வைத்து ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டால் மடிப்பு நூல் பிடித்த மாதிரி வரும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை இரண்டாக மடித்தால் 105-க்கு 148 மில்லிமீட்டர் அட்டை, கையில் பிடிக்க அதுதான் சரியான அளவு.

அப்புறம் மை. இங்கேதான் உங்கள் நாலு வரிச் செய்முறை பிள்ளைகளைக் கைவிட்டுவிடுகிறது. ஸ்டாம்ப் மையில் இரண்டு ஜாதி. ஒன்று சாயம் கரைத்த மை, காகிதத்துக்குள் சட்டென்று இறங்கிக் காய்ந்துவிடும். இன்னொன்று பிக்மென்ட் மை, அதில் நிறம் கரையாமல் நுண்துகளாக இருக்கும், காகிதத்தின் மேலேயே கொஞ்ச நேரம் ஈரமாக நிற்கும். எம்பாஸிங் பவுடர் ஒட்ட ஈரம் வேண்டும், அதனால் இரண்டாவதுதான் உதவும். நிறமே இல்லாமல், ஈரம் மட்டும் நெடுநேரம் நிற்கிற எம்பாஸிங் மை என்றே தனியாக ஒரு பேடும் விற்கிறார்கள். அது இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கி, பழைய டப்பா மூடியில் மெல்லிய ஸ்பாஞ்சு ஒன்றை வெட்டி வைத்து, அதில் சில சொட்டு விட்டுப் பரவவிடுங்கள். கிளிசரின் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள், எளிதில் காயாது, அதுதான் நமக்கு வேண்டியது. ஸ்பாஞ்சை விரலால் தொட்டால் பிசுபிசுப்பு தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. எங்கே அச்சு விழுந்தது என்று கண்ணுக்குத் தெரிவதற்காக ஒரு துளி வண்ணம் கலந்துகொள்ளலாம்.

ஸ்டாம்ப்புக்கும் காசு செலவழிக்க வேண்டியதில்லை. வெண்டைக்காயை வெட்டி வண்ணத்தில் தொட்டு ஐந்திதழ்ப் பூ குத்தாத பிள்ளை நம் ஊரில் உண்டா? எம்பாஸிங்குக்கு மட்டும் காய்கறி அவ்வளவாகச் சரிவராது, அதன் தண்ணீர் பரவி ஓரம் மங்கிவிடும். பெரிய அழிரப்பர் ஒன்று போதும். கூர்மையான சின்னக் கத்தியால் செதுக்குவதைப் பெரியவர்கள் செய்து கொடுக்கலாம், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் ஆள் இருக்கத் தாங்களே செய்யலாம். எழுத்து செதுக்கினால் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிச் செதுக்க வேண்டும், அதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பட்டர் பேப்பரில் 'பொங்கல்' என்று மெதுபென்சிலால் நேராக எழுதி, அதைக் கவிழ்த்து ரப்பர் மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் எழுத்து தானாகவே திரும்பி ரப்பரில் ஏறிவிடும். தமிழ் எழுத்தில் சுழிதான் சிரமம். கொம்பின் சுழிக்குள்ளே இருக்கிற சின்ன வட்டத்தை முதலில் குடைந்து எடுத்துவிட்டு, அதன் பிறகு வெளிக்கோட்டைச் செதுக்கினால் சுவர் உடையாது. சுவரை உள்பக்கம் சாய்த்துக் குடையாமல் வெளிப்பக்கம் சரிவாக விட்டுச் செதுக்கினால் எத்தனை முறை குத்தினாலும் தாங்கும். நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்தது இதுதான், தன் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கிய பிள்ளை அன்று முழுக்க வீட்டுச் சுவரைத் தவிர எல்லாவற்றிலும் குத்திக்கொண்டிருக்கும்.

இப்போது பொடி. எம்பாஸிங் பவுடர் என்பது சூட்டில் உருகி ஆறினதும் இறுகிவிடும் ஒருவகைப் பிளாஸ்டிக் பிசின், அதை மணல் மாதிரி அரைத்து, தங்கம், வெள்ளி, வெள்ளை, நிறமற்றது என்று விற்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் எழுத்து மினுமினுப்பாகப் புடைத்துக்கொண்டு இருக்குமே, அதில் பலதும் இந்த முறைதான். அச்சடித்த மை ஈரமாக இருக்கும்போதே பொடி தூவி, மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, சூடான கூண்டுக்குள் விடுவார்கள். அந்த வேலை செய்கிற அச்சகம் உங்கள் ஊரில் இருந்தால் பொடி எங்கே கிடைக்கும் என்று அவர்களிடமே கேட்கலாம். மெல்லிய கோடுள்ள ஸ்டாம்ப்புக்கு நைசான பொடி, பெரிய பட்டையான உருவத்துக்குச் சாதாரணப் பொடி. பொடியைத் தூவும்போது நடுவில் ஒருமுறை மடித்து விரித்த தாளைக் கீழே வைத்துக்கொண்டு, அட்டையை அதன் மேல் தட்டினால் மிச்சமெல்லாம் மடிப்பில் சேரும், அப்படியே திரும்ப டப்பாவில் கொட்டிவிடலாம். வீணாவது மிகக் குறைவு, சின்ன டப்பா ஒன்று தெருப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காணும்.

தூவுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, இதைச் சொல்லாத செய்முறைதான் அதிகம். காகிதத்தில் நம் கைப்பிசுக்கும் ஈரமும் இருக்கும், சில தாளில் நிலைமின்சாரமும் இருக்கும், அந்த இடத்திலெல்லாம் பொடி வேண்டாத புள்ளியாக ஒட்டிக்கொள்ளும், சூடு காட்டினால் அது நிரந்தரம். அதனால் முகப்பவுடரைக் கொஞ்சம் மெல்லிய துணியில் முடிந்து, அச்சிடுவதற்கு முன்பே தாள் முழுக்க மெதுவாக ஒற்றிவிட வேண்டும். அதற்கு மேல் அச்சிட்டு, பொடி தூவி, தட்டிய பிறகு இன்னும் ஒட்டியிருக்கிற ஒன்றிரண்டு துகளை உலர்ந்த நுனித் தூரிகையால் எடுத்துவிட வேண்டும்.

சூடு. டிரையர் உதவாது, காரணம் இரண்டு: அதில் காற்று அதிகம், சூடு குறைவு. கைவினைக்கென்று வரும் ஹீட் கன்னில், அதாவது சூடான காற்றை ஊதும் கருவியில், காற்று குறைவு, சூடு அதிகம். ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் உரிக்க விற்கும் ஹீட் கன் 300 டிகிரிக்கு மேல் போகும், காகிதம் கருகிவிடும், பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. இரண்டுமே இல்லாதவர்களுக்கு வீட்டில் ஒரு வழி இருக்கிறது. சமையலுக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய தோசைக்கல்லைக் காயவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, அட்டையின் இரண்டு ஓரத்தையும் இடுக்கியால் பிடித்து, படம் மேலே இருக்கும்படி கல்லுக்கு ஒரு விரற்கடை உயரத்தில் காட்டினால் பின்பக்கத்திலிருந்து சூடு ஏறிப் பொடி உருகும். பெரியவர்தான் செய்ய வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பொருள் என்பதால் சமைக்கிற கல்லில் இதைச் செய்யவே கூடாது. மெழுகுவர்த்திச் சுடரில் காட்டலாமா என்று கேட்பார்கள், கூடாது, புகைக்கரி படியும், தீயும் பிடிக்கும்.

உருகுகிற அந்தக் கணத்தைப் பற்றி மட்டும் நாலு வரி போட்டால்கூடப் போதும், அவ்வளவு முக்கியம் அது. சூடு காட்டத் தொடங்கினதும் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. பொடி உலர்ந்த மஞ்சள்தூள் மாதிரி மங்கலாகக் கிடக்கும். திடீரென்று ஒரு ஓரத்தில் மங்கல் போய் ஈரம் பட்டது போல மினுங்கும், அந்த மினுங்கல் கோட்டைப் பிடித்துக்கொண்டே நகரும், அது போகிற இடமெல்லாம் பொடி ஒன்றோடொன்று சேர்ந்து தங்கமாக நிற்கும். மினுங்கல் முன்னால் போகப் போக நம் கையும் சூட்டை அதன் பின்னாலேயே நகர்த்த வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. கடைசித் துளி மினுங்கினதும் உடனே எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் காட்டலாமே என்று வைத்தால் உருகின பிசின் காகிதத்துக்குள் இறங்கி, மேடு தட்டையாகி, எண்ணெய்க்கறை மாதிரி ஆகிவிடும். குறைவாகக் காட்டினால் மேலே மணல் மணலாக இருக்கும், நகம் பட்டால் உதிரும். மணலாக இருந்தால் மறுபடி காட்டிச் சரிசெய்யலாம், எண்ணெயாக இறங்கினதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் எச்சரிக்கை எப்போதும் குறைவான பக்கமே இருக்கட்டும். வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பெற்றோர்களும் நிற்கிறார்கள்.

மிக்ஸட் மீடியா என்று உங்கள் தலைப்பில் போட்டிருந்தீர்கள், அதற்கும் விளக்கம் இல்லை. ஒரே படத்தில் காகிதம், துணி, வண்ணம், அச்சு என்று பல பொருளைச் சேர்ப்பதுதான் அது. பிக்காசோ 1912-ல் நாற்காலிப் பின்னல் அச்சடித்த துணியைத் தன் ஓவியத்தில் ஒட்டிச் சுற்றிலும் கயிறு கட்டியதை இதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். அம்மாவின் பழைய பட்டுப்புடவைக் கரையில் ஒரு துண்டு, பழைய காலண்டர்த் தாள், கோலம் குத்திய காகிதம் என்று நம்மிடம் இருக்கிற பொருளுக்குக் குறைவே இல்லை. ஆனால் எந்த வரிசையில் சேர்ப்பது என்பதில்தான் அட்டை நிற்பதும் கெடுவதும் இருக்கிறது. ஈரமான வேலை எல்லாம் முதலில். அது நன்றாகக் காய வேண்டும், தொட்டால் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அதன் பிறகுதான் அச்சும் பொடியும் சூடும். ஒட்டுகிற வேலை எல்லாம் கடைசி. காயாத வண்ணத்தின் மேல் பொடி தூவினால் படம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு சூடு காட்டினால் அக்ரிலிக் வண்ணம் கொப்புளிக்கும். சரிகையையும் சமிக்கியையும் முன்னாலேயே ஒட்டிவிட்டுச் சூடு காட்டினால் சமிக்கி சுருண்டுபோகும், பசைக்குச்சியை உருக்கி ஒட்டுகிற குளூ கன்னில் ஒட்டினது இளகி விழும்.

நாளிதழ்த் துண்டு ஒட்டுவது எல்லோருக்கும் பிடிக்கும். அந்தக் காகிதம் மரக்கூழிலிருந்து வருவது, அதிலிருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுத்துப்போகும், அதனால் ஒட்டினதும் மேலே மெல்லிசாக வெள்ளை அக்ரிலிக்கோ, ஓவியத்துக்கு அடிப்பூச்சாகப் பூசும் ஜெஸ்ஸோவோ ஒரு பூச்சு கொடுத்துவிட வேண்டும். பழுப்பது முழுக்க நிற்காது, ஆனால் பூச்சு மேலே இருப்பதால் அவ்வளவாகத் தெரியாது. எழுத்து பூச்சுக்கடியில் மங்கலாகத் தெரிவதும் நன்றாகத்தான் இருக்கும். ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு இளக்கி ஒட்டினால் தாள் சுருங்கும், கெட்டியாகவே மெல்லிசாகத் தடவி, கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட வேண்டும்.

மேடான கோலமோ கொடியோ வேண்டுமென்றால் டெக்ஸ்சர் பேஸ்ட் என்று விலை உயர்ந்த டப்பா வாங்கச் சொல்வார்கள். சாக் பவுடரோடு ஃபெவிகாலும் கொஞ்சம் வெள்ளை வண்ணமும் சேர்த்து, இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்தால் அதேதான். தஞ்சாவூர் ஓவியத்தில் நகைகளையும் வளைவுகளையும் சுண்ணப்பொடியும் பசையும் சேர்ந்த கலவையால் மேடு கட்டி, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டுகிறார்களே, வகுப்புகளில் இன்றைக்குப் பல பேர் சொல்லிக்கொடுப்பது இந்தச் சாக் பவுடர், ஃபெவிகால் கலவையைத்தான். நம் கை அறிந்த வேலை இது, பெயர் மட்டும் புதுசு. பழைய பிளாஸ்டிக் உறையில் கொடி வடிவம் வெட்டித் துளையிட்டு, அதை அட்டை மேல் வைத்து, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் கலவையை இழுத்துவிட்டு, உறையைச் செங்குத்தாகத் தூக்க வேண்டும். ஒரு ராத்திரி காயட்டும்.

உருகும் பொடிக்கு இன்னொரு பயன் இருக்கிறது, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். வெள்ளைத் தாளில் நிறமற்ற பொடியால் கோலத்தை எழுப்பிவிட்டால் கோலம் கண்ணுக்குத் தெரியாது, சாய்த்துப் பார்த்தால்தான் மினுங்கும். அதன் மேல் மஞ்சளும் ஆரஞ்சும் நீர்வண்ணமாகப் பூசினால், பிசின் மேல் தண்ணீர் நிற்காமல் வழுக்கிப் பக்கத்துக்கு ஓடிவிடும், கோலம் வெள்ளையாகவே எழுந்து நிற்கும். கோட்டின் மேல் தங்கின துளியை மட்டும் துணியால் ஒற்றிவிட வேண்டும். இதே மாதிரிதான் சோழமண்டலக் கரையில் சீட்டித் துணிக்கு அவுரி நீலம் ஏற்றியவர்கள், நீலம் ஏறக் கூடாத இடமெல்லாம் மெழுகு பூசி மறைத்துவிட்டுத் துணியைச் சாயத்தில் முக்கினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிய துணி அது. ஈரமான வேலை முதலில் என்று மேலே சொன்ன வரிசை இங்கே மட்டும் மாறும் என்பதையும் போட வேண்டும், இல்லாவிட்டால் குழப்பம்.

பொடியும் சூடும் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் என்றால் காய்ந்த எம்பாஸிங் இருக்கிறது. தடித்த அட்டையில் வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, துளை விழுந்த அந்த அட்டையை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் தாளைக் கவிழ்த்து வைத்தால் வெளிச்சத்தில் ஓரம் தெரியும். எழுதாத பால்பாயிண்ட் பேனாவால் அந்த ஓரத்தைச் சுற்றி உள்பக்கமாக மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் மறுபக்கம் வடிவம் புடைத்துவிடும். தாள் கிழிவது போலத் தெரிந்தால் மேலே பட்டர் பேப்பர் ஒன்று வைத்துத் தேய்க்கலாம். பின்பக்கத்திலிருந்து அழுத்துவதால் எழுத்தையெல்லாம் வலமிருந்து இடமாகப் போட வேண்டியிருக்கும், பிரெய்ல் பலகையில் ஊசியால் குத்தி எழுதுகிறவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பார்வை மங்கின பெரியவர்களுக்கு அனுப்பும் அட்டையில் இந்த வேலைப்பாடு கட்டாயம் இருக்கட்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். எங்கள் வீட்டிலேயே கண் சரியாகத் தெரியாத பெரியம்மா ஒருவர் பேத்தி அனுப்பின அட்டையை விரலால் தடவித் தடவி, இது பானை, இது கரும்பு, இது என்னடி, சூரியனா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அச்சடித்த அட்டையை அவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதோடு சரி.

அனுப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை போடுங்கள். 20 கிராம் வரை கடிதத்துக்கு 5 ரூபாய்த் தபால்தலை, அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய். ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, ஆகவே 300 ஜிஎஸ்எம் காகிதத்தில் பாதி ஏ4 கிட்டத்தட்ட 9 அரை கிராம். மேல்தாள் நாலு கிராமுக்கு மேல், உறை ஐந்து கிராம் போல. இத்தோடு 19 கிராம் ஆகிவிட்டது, சரிகையும் சாக் பவுடர் மேடும் சேர்ந்தால் 20-ஐத் தாண்டும். 10 ரூபாய்க்குத் தலை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வாங்குகிறவர் தலையில் கூலி விழும், வாழ்த்து அனுப்பிவிட்டு அவரிடமே காசு வாங்குகிற மாதிரி ஆகும். தபால் முத்திரை குத்தும்போது மேடு நசுங்காமல் இருக்க, அட்டைக்கு முன்னால் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்று வைக்கலாம், அதன் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கல், பொத்தான் வேண்டவே வேண்டாம், உறையைக் கிழித்துக்கொண்டு வரும்.

இவ்வளவையும் ஒரு நாளிதழுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், பள்ளிக்கூடங்களில் கைவினை என்பது இப்போது கடையில் வாங்கி ஒப்படைக்கிற பொருளாகிவிட்டது. எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் வாழ்த்து அட்டை செய்துவரச் சொன்னார்கள், ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டேஷனரி கடையில் பெற்றோர் கூட்டம், வெட்டித் தயாராக வைத்திருந்த அட்டையை வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி, மறுநாள் கொடுத்தார்கள், நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. தானே செதுக்கின ரப்பரில் கொஞ்சம் கோணலாகப் பொங்கல் என்று குத்திக் கொண்டுபோன பிள்ளைக்குக் குறைவு. அந்தப் பிள்ளை என்னிடம் வந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லி என்ன செய்வது, ஒரு வகுப்பில் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வழிகாட்டும் காணொளிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதில் வருகிற பொருள்களெல்லாம் வெளிநாட்டுப் பெயரோடு, விலையைப் பார்த்தாலே ஆசை போய்விடும். தமிழில், நம் தெருக்கடையில் கிடைக்கிற பொருளை வைத்து, ஏன் எதற்கு என்ற காரணத்தோடு எழுதி அச்சில் வந்தால் அதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எனக்கே தெரியும்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அட்டையின் படத்தைச் சின்னதாக்கிவிட்டுச் செய்முறைக்கு அரைப் பக்கம் கொடுங்கள். மை, பொடி, சூடு மூன்றுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். பொடி உருகுவதற்கு முன், சரியாக உருகினது, அதிகமாகிவிட்டது என்று மூன்று நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் படமாகப் போடுங்கள், எழுத்தைவிட அது நன்றாகப் புரியும். பானை, கரும்பு, மஞ்சள் கொத்து மூன்றையும் அழிரப்பரில் அடங்குகிற அசல் அளவிலேயே கோட்டுப்படமாக அச்சிடுங்கள், பிள்ளைகள் பத்திரிகையின் மேலேயே பட்டர் பேப்பரை வைத்து எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ஓவியருக்கு நேரம் இல்லையென்றால் நான் வரைந்து அனுப்புகிறேன், பெயர் போட வேண்டாம், காசும் வேண்டாம். டிசம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்குள் வந்தால் நல்லது. செதுக்க ஒரு வாரம், அட்டை செய்து காய ஒரு வாரம், பொங்கல் நெரிசலுக்கு முன்னால் தபாலில் சேர்க்க ஒரு வாரமாவது வேண்டும், அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாட்களும் அதற்குள்தான் வருகின்றன.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருச்சி